கழுதை தெரிகிற வெளிச்சம்

மகள்,

உன் கலியாணப் பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே, பழைய துவாய் ஒன்றில் சுற்றி ஒரு பொதி வைத்திருக்கிறேன். பாப்பாமோட்டைக்குப் போய்ப் பெட்டியைத் திறக்கும்போது மாமியார் பக்கத்தில் நின்றால் வெட்கப்படாதே. உள்ளே இருப்பது சைக்கிள் லைற். முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு. இரண்டு சோடி வைத்திருக்கிறேன். ஏன் இரண்டு என்று கடைசியில் சொல்கிறேன்.

கலியாணம் முடிக்கிற பெண்ணுக்குத் தாய் எழுதுகிற கடிதத்தில் வழக்கமாக என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். பொறுத்துப் போ, மாமி மனங்கோணாமல் நட, புருஷன் சாப்பிட்ட பிறகு சாப்பிடு. இதையெல்லாம் சொல்ல எங்கள் ஓலைத்தொடுவாயில் வீட்டுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். கோயிலில் சுவாமியார் உன் கலியாண அறிவித்தலை ஓலையாகக் கூறின நாளிலிருந்து அவர்கள் படலையைத் திறந்து வந்து சொல்லிவிட்டும் போகிறார்கள். இருட்டு வீதியில் எப்படிப்பட்ட லைற்றோடு போகவேண்டும் என்று சொல்ல மட்டும் ஒருவரும் வரவில்லை. அதை நான் எழுதுகிறேன். இதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் உன்னிடம் கற்றதுதான். ஆனாலும் எழுதவேண்டும் போலிருக்கிறது. பிறந்த வீட்டில் தலை நிமிர்ந்து செய்ததைப் புகுந்த வீட்டில் கூச்சப்பட்டு விட்டுவிடுகிற பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. இந்தக் கோபத்தை அடக்கிக்கொள்ளும் வயது வரவில்லை.

பெற்றோல் இல்லாமல் நாடு முழுவதும் வரிசையில் நின்ற காலத்தில்தான் இது தொடங்கியது. நீ தாதியாகி மன்னார்ப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. பின்னேர டியூட்டி முடியும்போது நன்றாக இருட்டிவிடும். கடைசி பஸ் ஓடினால் ஓடும். ஓடாவிட்டால் கேட்க ஆளில்லை. அப்பாவின் மோட்டார் சைக்கிள் முற்றத்தில் செத்துக் கிடந்தது. கிடைத்த மண்ணெண்ணெய் படகுக்கே போதவில்லை. "வேலையை விட்டிட்டு வீட்டில இரு பிள்ளை, நிலைமை சரிவந்த பிறகு பாப்பம்" என்று அப்பா சொன்னார். நீ பின்பக்கம் போய், கருவாட்டுக் கூடைகளுக்குப் பின்னால் கிடந்த என் பழைய சைக்கிளை இழுத்து எடுத்தாய். துரு உன் வெள்ளை உடுப்பில் அப்பிக்கொண்டது. "நிலைமை சரிவரும் வரைக்கும் ஆக்கள் வருத்தம் வராமல் இருப்பினமோ அப்பா?" என்று கேட்டாய். அப்பா வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் துருவைத் துடைக்கத் தேங்காயெண்ணெய் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்தச் சைக்கிளில் இருந்தது டைனமோ லைற். அதை நீ ஒரு வாரத்தில் கழற்றி எறிந்தபோது எனக்கு மனம் வரவில்லை. யுத்தத்துக்குள் பற்றரி கிடைக்காத நாட்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. சில்லு நின்றால் லைற்றும் நின்றுவிடும். ஆமிக்காரரின் காவலரணுக்கு முன்னால் நிற்கச் சொன்னதும் நாங்கள் நிற்போம், வெளிச்சம் அணையும். நாங்கள் வேண்டுமென்று அணைத்ததாக அங்கிருந்து சத்தம் வரும். அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. இறங்கியதும் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, துவக்குக்கு முன்னால் குந்தியிருந்து, பின்சில்லைக் கையால் சுற்றிக்கொண்டே பதில் சொல்வோம். பெயர் என்ன, சுற்று. எங்கே போகிறாய், சுற்று. அடையாள அட்டை எங்கே, சுற்று. வீதியைப் பார்க்கவென்று நாங்கள் பூட்டிய லைற், அவர்கள் எங்களைப் பார்ப்பதற்காக எரிந்தது. உன் வயதில் எனக்குத் தெரிந்த இரவுப் பயணம் அதுதான். இதை உனக்குச் சொன்னபோது நீ கேட்டது ஒரு கேள்விதான்: "அப்ப நீங்கள் றோட்டைப் பாத்ததே இல்லையோ அம்மா?"

இப்போது அந்த இடத்தில் காவலரண் இல்லை. கழுதை இருக்கிறது. வெளியூர்க்காரருக்கு அது சிரிப்பு; வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இருட்டினதும் தார் வீதியின் சூட்டுக்கு அவை வந்து படுக்கும் என்பதும், தாரின் நிறமும் கழுதையின் நிறமும் ஒன்றுதான் என்பதும், தலையை மறுபக்கம் திருப்பிப் படுத்திருந்தால் கண்கூட மின்னாது என்பதும் அந்த வீதியில் சைக்கிள் ஓடுகிறவர்களுக்குத்தான் தெரியும். அதோடு தென்மேற்கிலிருந்து வருகிற சோழகக் காற்று. அது வீசுகிற மாதங்களில் மணல் வீதிக்குக் குறுக்கே ஓடி, தாரின் ஓரத்தை மூடிவிடும். தெருவிளக்குக் கம்பங்கள் நிற்கின்றன, பல்ப் இல்லை. திருவிழா வந்தால் கோயில்வரை சோடனை லைற் தொங்கும், கொடியிறக்கத்தோடு கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கடற்கரை நெடுகக் காற்றாலைகள் சுற்றுகின்றன. அவற்றின் உச்சியில் இரவு முழுக்கச் சிவப்பு லைற் மின்னுகிறது, வானத்தில் போகிறவர்கள் முட்டிவிடாமலிருக்க. எங்கள் காற்றில் உண்டாகிற கரண்ட் எங்கள் தலைக்கு மேலால் எங்கேயோ போகிறது. கீழே வேலை முடிந்து வருகிற பெண் கழுதையில் முட்டாமலிருக்க ஒரு பல்ப் போட ஆளில்லை.

அப்பா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். படகில் பிடிக்கிற பெரிய லைற்றைக் கொண்டுவந்து உன் ஹாண்டிலில் ரியூப் வாரால் இறுக்கிக் கட்டினார், அதன் முகத்தை நன்றாக மேலே தூக்கி. கடலில் அதுதான் முறை. லைற் உயரத்தில் இருந்தால்தான் தூரத்துப் படகுக்காரன் உன்னைக் காண்பான், வலையைக் கிழித்துக்கொண்டு வரமாட்டான். அப்பாவுக்கு வீதியும் கடல்தான். அயலட்டை முழுவதும் வந்து பார்த்தது. "சூரியனைக் கட்டி விட்டிருக்கிறாய்" என்று பாராட்டினார்கள். நானும்தான் சந்தோஷப்பட்டேன். நீ மட்டும், "அப்பா, பனை மரத்தின்ர உச்சி வட்டு நல்லாத் தெரியுது. றோட்டுத்தான் தெரியேல்லை" என்றாய். "ஓடிப் பழகு, தெரியும்" என்றார் அவர்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, உப்புக்குளத்து முஸ்லிம் பெரியவர், நாங்கள் நண்டு நானா என்று கூப்பிடுகிறவர், எதிரில் வந்தார். எங்கள் கரையில் நண்டு எடுத்துக்கொண்டு, பின் கரியரில் பெட்டி கட்டிச் சைக்கிளில் போகிறவர். உன் லைற் அவர் கண்ணில் நேரே அடித்தது. ஒன்றும் தெரியாமல் ஓரத்துக்கு ஒதுங்கினார். ஓரத்தில் கழுதை படுத்திருந்தது. கழுதை எழுந்து போய்விட்டது, நானா எழும்பவில்லை. நண்டுகள் வீதி முழுக்க நடந்தன. "என்ன புள்ள இது, கப்பலையா ஓட்டிக்கொண்டு வாறாய்!" என்று அவர் விழுந்த இடத்தில் கிடந்தே கத்தினார் என்று பிறகு சொல்லிச் சிரித்தாய். அந்த நேரத்தில் நீ சிரிக்கவில்லை. காறை எலும்பு முறிந்திருப்பதைத் தொட்டுப் பார்த்ததும் கண்டுகொண்டு, உன் சால்வையால் கையை மார்போடு சேர்த்துக் கட்டி, அவரை ஆடாமல் இருத்தி, அந்த வழியாக வந்த ஐஸ் லொறியை வீதிக்கு நடுவே நின்று மறித்து, ஏற்றிக்கொண்டு திரும்பவும் ஆஸ்பத்திரிக்கே போனாய். லொறி எடுக்கமுன் இன்னொன்றும் செய்தாய். அந்தக் கடல் லைற்றின் வாரை அறுத்து அதைக் கையில் எடுத்துக்கொண்டாய். சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டுப் போன நீ லைற்றைக் கொண்டுபோனது ஏன் என்று கேட்டேன். "பிழை செய்தது அதுதானே அம்மா" என்றாய்.

ஊர் அப்படிச் சொல்லவில்லை. பொம்பிளைப் பிள்ளை இருட்டில் ஓடித் திரிந்தால் இப்படித்தான் என்றது. வெள்ளை உடுப்போடு பேய் மாதிரி வந்தாளாம், அந்த மனிசன் பயத்தில் விழுந்தாராம். கம்பத்தில் பல்ப் போடாதவர்களை ஒருவரும் கேட்கவில்லை. பஸ்ஸை ஓட்டாதவர்களை ஒருவரும் கேட்கவில்லை. லைற்றை மேலே தூக்கிக் கட்டிய என் புருஷனைக்கூட ஒருவரும் கேட்கவில்லை. அவர் ஆண், அவர் செய்தது பாசம். இரவில் வேலை முடிந்து வந்ததுதான் குற்றம். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த வாயெல்லாம் கிழியக் கத்தியிருப்பேன், அடுத்த நாள் வேலைக்குப் போயிருக்கமாட்டேன். நீ கத்தவில்லை, வேலைக்கும் போனாய். அந்தக் கிழமை முழுவதும் கையில் ரோர்ச்சைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தாய்.

பிறகு நீ செய்ததைத்தான் நான் ஆளுக்காள் சொல்லித் திரிகிறேன். கடைகளிலும் கூட வேலை செய்கிறவர்களிடமும் விதவிதமான லைற்றுகளை இரவல் வாங்கிக்கொண்டு வந்தாய். பொழுதுபட்டதும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆள் நடமாட்டமில்லாத கடற்கரை வீதிக்குப் போனாய். மாசிக் கருவாடு கட்டுகிற சாம்பல் நிறச் சாக்கை அப்பாவின் மேலே போர்த்தி, வீதியில் நாலுகாலில் நிற்க விட்டாய். "நான் கழுதையோ பிள்ளை?" "இண்டைக்கு மட்டும் அப்பா. அங்கால திரும்பி நில்லுங்கோ, கண் மின்னக் கூடாது." நீ தூரத்திலிருந்து காற்றோடு வேகமாக ஓடி வருவாய், சாக்கு தெரிந்த இடத்தில் பிரேக்கைப் பிடிப்பாய், எங்கே வந்து நின்றாய் என்று நான் சிப்பி வைத்து அடையாளம் போடவேண்டும். ஒரு லைற்றில் அப்பாவின் முழங்கைக்குக் கிட்டப் போய் நின்றாய். "ஐயோ, காதை ஆட்டாதேங்கோ அப்பா, கழுதை இவ்வளவு பயப்பிடாது!" என்றாய். நான் மணலில் இருந்து சிரித்தேன், அப்பா சாக்குக்குள்ளிருந்து என்னைத் திட்டினார். அதன் பிறகு அவரை எதிரே நடந்து வரவிட்டு, "கண் கூசுதோ? இப்ப? இப்ப?" என்று கேட்டுக் கேட்டு லைற்றின் முகத்தை மயிரளவு மயிரளவாகக் கீழே இறக்கினாய். கூசவில்லை என்று அவர் சொன்ன இடத்தில் பேனாவால் கோடு போட்டாய். அவர் நிமிர்ந்து நின்று அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். வீதி தெரிந்தது, மணல் ஏறிய ஓரம் தெரிந்தது, அவர் முகம் இருட்டில் இருந்தது. "கடலுக்கு ஒரு லைற், கரைக்கு ஒரு லைற் போல" என்று முணுமுணுத்தார். பிழையை ஒத்துக்கொள்வதில் அதற்கு மேல் அவர் போனதில்லை.

ஆகையால், எனக்கு விளங்கிய அளவில், நீ தேர்ந்தெடுத்த லைற்றின் குணங்களை எழுதுகிறேன். கூடிய வெளிச்சம்தான் நல்ல லைற் என்று கடைக்காரர் சொல்வதை நீ நம்பவில்லை. வெளிச்சத்தின் மேல்பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கவேண்டும். அதற்கு மேலே எதிரில் வருகிறவரின் கண் இருக்கிறது. புழுதி பறக்கும்போது மேலே அடிக்கிற வெளிச்சம் வெள்ளைச் சுவராக எழும்பி நிற்கும். கீழே அடிக்கிற வெளிச்சத்தில்தான் நிலம் தெரியும். பக்கவாட்டிலும் விரியவேண்டும், கழுதை எப்போதும் நடுவில் படுக்காது. முன்லைற்றை மின்னவிட்டு ஓடக் கூடாது. மின்னினால் எதிரில் இருப்பது எவ்வளவு தூரம் என்று பிடிபடாது. நின்றாலும் எரியவேண்டும், அது டைனமோவிடம் நான் பட்ட பாடு. பற்றரியைக் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும், கரண்ட் நம்மைக் கேட்டு நிற்பதில்லை. சார்ஜ் போடுகிற துளைக்கு றப்பர் மூடி இல்லாவிட்டால் உப்புக்காற்று ஒரு மாதத்தில் தின்றுவிடும். மூடி இருந்தாலும் தகட்டில் கொஞ்சம் வசிலின் பூசு. பின்லைற்றை மறக்காதே. முன்னால் இருக்கிற கழுதைக்கு நீ பொறுப்பு, பின்னால் வருகிற லொறிக்கு நீதான் கழுதை. இது நீ சொன்னது. எழுதும்போதும் சிரிப்பு வருகிறது.

உன்னைப் பார்த்துக் கூட வேலை செய்கிற பெண்கள் பூட்டினார்கள். தையல் வேலைக்குப் போகிற பிள்ளைகள் பூட்டினார்கள். இப்போது பொழுதுபட்ட பிறகு வீதியில் பார்த்தால் நிலத்தோடு நிலமாக வெளிச்சம் வரிசையாக வருகிறது. யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் நாடா வெட்டவில்லை. அடுத்த தேர்தலுக்கு வந்து இதையும் தாங்கள் செய்ததாகச் சொல்வார்கள், பார்.

இந்த நேரத்தில்தான் பாப்பாமோட்டையிலிருந்து பேச்சு வந்தது. மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவரின் தாய்மாமன் எங்கள் கதிரையில் இருந்து, சோடாவைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை வேலைக்குப் போறதில எங்களுக்கு ஒண்டுமில்லை. ஆனா கலியாணத்துக்குப் பிறகு இரவில சைக்கிள் ஓடுறதை விடவேணும். எங்கட ஊரில கதைப்பினம்." உனக்குக் கிடைத்திருந்த அடுத்த மாற்றலும் பாப்பாமோட்டைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான், அங்கேயும் பின்னேர டியூட்டி உண்டு. இரவுச் சைக்கிளை விடுவது என்றால் வேலையை விடுவதுதான். அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கமுன் நீ சொன்னாய்: "வருத்தக்காரரைப் பகலில மட்டும் வரச் சொல்லேலாது மாமா." குரல் உயரவில்லை. ஆனால் சோடாப் போத்தலை எடுக்கும் சாட்டில் நீ மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்ததை நான் கண்டேன். உனக்கு அந்தப் பெடியனைப் பிடித்திருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து நண்டு நானா படலையில் மணியடித்தார். நாங்கள் இருந்த இருப்பைப் பார்த்து, "இந்தப் புள்ளையைப் பத்தித்தானா பேச்சு? நான் ஒரு சாட்சி சொல்லவா?" என்றார். "என்ர எலும்பை முறிச்சது இவதான். கட்டினதும் இவதான். இப்ப நான் ராவையில இவட வெளிச்சம் வருதா எண்டு பாத்துத்தான் வெளிக்கிடுறது." தாய்மாமனுக்குச் சிரிக்கவா முறைக்கவா என்று தெரியவில்லை. அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை முதல்முறையாக வாயைத் திறந்து, உன்னைப் பார்த்துக் கேட்டார்: "எங்கட பக்கம் கழுதை இல்லை. எருமைதான். கறுப்பு. அந்த லைற் எருமைக்கும் காணுமோ?"

நீ யோசித்தாய். "தெரியாது. ஓடிப் பாக்கவேணும்" என்றாய். தாய்மாமன், "அவன் கேக்கிறது வேற கதை, நாங்கள் சொன்னது சொன்னதுதான்" என்று எழும்பினார். பேச்சு அப்படியே தொங்கியது. ஊர் மூன்று நாட்களில் அதைக் குழம்பிப்போன கலியாணம் என்று முடிவுகட்டிவிட்டது. நீ வழக்கம்போலப் போய் வந்தாய். சாப்பாடு மட்டும் குறைந்தது.

அடுத்த கிழமை ஒருநாள் உன் டியூட்டி முடிகிற நேரத்துக்கு மாப்பிள்ளை ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளோடு நின்றார். நீ வருகிற வீதியைத் தானும் ஓடிப் பார்க்கவேண்டுமாம். சைக்கிளில் லைற் இல்லை, ஆண்பிள்ளைக்கு எதற்கு. உனக்குப் பின்னால் உன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர், காற்றாலைப் பக்கம் வந்ததும் உன்னை முந்தப் பார்த்திருக்கிறார். "இடப்பக்கம் கழுதை, வலப்பக்கம் மணல்!" என்று நீ கத்தியிருக்கிறாய். கழுதைக்குத் தப்பி மணலில் விழுந்தார். முழங்காலில் தோலுரிந்து, தலைமயிரெல்லாம் மணலாக அவர் எங்கள் முற்றத்தில் வந்து நின்றதை நான் மறக்கமாட்டேன். நீ காயத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்து மாமனுக்கு அடித்தார். "மாமா, அந்தக் கதையை விடுங்கோ. இரவில லைற் இல்லாமல் ஓடினது நான்தான். ஊர் கதைக்கிறதெண்டா என்னைப் பற்றிக் கதைக்கட்டும்." மாமன் அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னார். "ஓம் மாமா. விழுந்தனான். ஓம், அவதான் கட்டுறா. ஓம், சைக்கிளிலதான் போவா" என்று சொல்லிவிட்டு வைத்தார். நீ மருந்தை வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்திப் பூசினாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாப்பிள்ளையின் மாமன்மார் இன்னும் கதைப்பார்கள். பாப்பாமோட்டையில் வயல் வீதி. வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் பின்லைற் இல்லாமல் வரும். எருமை கறுப்பு. போன கையோடு ஒருநாள் பொழுதுபட்டதும் வீதிக்குப் போய், சாக்கு ஒன்றுக்குக் கரி பூசி, முதலிலிருந்து எல்லாவற்றையும் ஓடிப் பார். ஊர் வேடிக்கை பார்க்கட்டும். சாக்குக்குள் நிற்க ஆள் வேண்டுமென்றால் அதற்குத்தான் ஒருவரைக் கட்டுகிறாய்.

இரண்டாவது சோடி லைற் அவருக்கு. கொடுக்கும்போது நீயே பூட்டிக்கொடு, அவரிடம் விடாதே. நல்ல பெடியன்தான். ஆனாலும் முதலில் மேலே தூக்கித்தான் பூட்டுவார்.

அம்மா